உப்பேறிய கடைமடை: நாகை இறால் பண்ணை எதிர்ப்பில் அகிம்சை வென்ற இடமும் தோற்ற இடமும்

1990களின் தொடக்கத்தில் காவிரிக் கடைமடையில் நெல் விளைந்த நிலங்கள் இறால் குளங்களாக மாறத் தொடங்கின. அதை எதிர்த்து, எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவருடைய மனைவி கிருஷ்ணம்மாளும் கூலித் தொழிலாளர் குடும்பங்களைத் திரட்டிச் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு முழுக்க அவர்கள் பக்கம். சட்டக் கல்லூரிகளில் அதை இன்றும் படிக்கிறார்கள். பண்ணைகளும் இன்றும் இருக்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்து விளக்குவதுதான் இந்த ஆய்வின் வேலை. சுற்றுச்சூழல் சிக்கல்களுக்கு அகிம்சை பொருந்துமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு வழக்கை எடுத்து, எந்தப் படி வேலை செய்தது, எந்தப் படி சறுக்கியது என்று பார்ப்பதில் பயன் அதிகம்.

நிலத்தில் நடந்தது

முதலில் கணக்கு. ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால் அது 10,000 கனமீட்டர். அன்றைக்கு வளர்க்கப்பட்ட வரி இறாலுக்கு லிட்டருக்கு 15 முதல் 25 கிராம் வரை உப்பு இருப்பது உகந்தது. 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு குளத்தில் கரைந்து நிற்கும் உப்பு 200 டன். கடற்கரையை ஒட்டிய மணல் கலந்த மண்ணில், களிமண் அடித்தளம் சரியாக இறுக்கப்படாத குளத்தில், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் கசிவு என்பது பெரிய அளவே அல்ல. ஆனால் 120 நாள் வளர்ப்புக் காலத்தில் அது 6,000 கனமீட்டர் ஆகிறது. உப்பாகச் சொன்னால் 120 டன், அதுவும் ஒரே போகத்தில். குளத்தின் நீர்மட்டம் பக்கத்து வயலைவிட உயரத்தில் இருப்பதால் கசிவு வயலை நோக்கித்தான் போகும்.

இது கண்ணுக்குத் தெரிந்த பாதி. மறுபாதி ஆழ்துளைக் கிணற்றில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதை 20 கிராமுக்கு இறக்க வேண்டுமானால் குளத்து நீரில் ஏறத்தாழ 43 விழுக்காடு நன்னீராக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 43 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது அன்றைய ஊரகக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். அதன்படி பார்த்தால், ஒரு ஹெக்டேர் குளத்தை ஒருமுறை நிரப்ப எடுக்கும் நன்னீர் ஏறக்குறைய 295 பேரின் ஓராண்டுத் தேவை. வளர்ப்புக்கு நடுவே தண்ணீர் மாற்றுவது இதில் சேரவில்லை.

கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு நீர் 40 மீட்டர் ஏறி வரும். ஊர்க் கிணறுகள் உவர்த்துப்போவதற்குப் பண்ணைக் கழிவுநீரை மட்டும் காரணம் சொல்லிப் பேசினால் நிறுவனத் தரப்பு சுலபமாக மறுத்துவிடும். பெரும்பாலான ஊர்களில் இறைப்பே பெரிய குற்றவாளி.

நெற்பயிர் பொறுத்துக்கொள்ளும் உப்பின் அளவு சிறியது. மண்ணை நீர் நிறையக் குழைத்து வடித்த சாற்றில் (செறிநீர்ச் சாறு), உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு போகும். 7ஐத் தொட்டால் பாதி விளைச்சல் இல்லை. இந்தச் சரிவு இரண்டு மூன்று போகங்களில் மெதுவாக நடக்கிறது. அகிம்சைப் போராட்டத்துக்கு இது தனிச் சிக்கல். உப்புச் சட்டத்தை மீறியவர்களைத் தடியால் அடித்தபோது அடித்தவன் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. மண்ணில் உப்பு ஏறும்போது அடிப்பவன் கண்ணில் படுவதில்லை. கேமராவுக்கும் ஒன்றும் சிக்காது.

முந்தைய கால் நூற்றாண்டு

இறால் எதிர்ப்பைத் தனியாக எடுத்துப் படிப்பவர்கள் அதன் பாதி வலிமையைத் தவறவிடுகிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. அதன் பிறகு ஜெகந்நாதன் தம்பதியர் கீழத்தஞ்சையில் தங்கி வேலை செய்யத் தொடங்கினார்கள். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். அந்த இயக்கத்தின் ஓட்டையையும் அறிந்தவர்கள். மனமிரங்கித் தானமாகத் தந்த நிலத்தில் கணிசமானது தரிசு அல்லது வழக்கில் கிடந்தது. பட்டா கைமாறாத தானமும் உண்டு.

1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற 'உழுபவர் நில விடுதலை' அமைப்பு இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. நிலச்சுவான்தாரரிடம் தானம் கேட்பதை விட்டு விலை பேசினார்கள். விற்பவரையும் வாங்க வேண்டிய தொழிலாளர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசி, கடனுக்கும் அரசு உதவிக்கும் ஏற்பாடு செய்து, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். 2008ஆம் ஆண்டு 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இவர்களுக்குக் கிடைத்தபோது சுமார் 13,000 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் நிலம் கைமாறியிருந்தது.

பெண் பெயரில் பதிவு என்பதை நல்லெண்ணச் சைகையாக மட்டும் பார்க்கக் கூடாது. சாராயக் கடனுக்கோ அவசரச் செலவுக்கோ நிலம் மறுபடி விற்கப்படுவதைத் தடுக்கும் பூட்டு அது. இறால் நிறுவனங்கள் வந்தபோது இந்தப் பூட்டின் அருமை தெரிந்தது. நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது நில உரிமையாளரின் கையெழுத்து மட்டுமே. அந்த நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்துப் பிழைத்தவர்களின் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நூறு ஏக்கர் வயல் விற்கப்பட்டால் கூலி பறிபோவது நூறு குடும்பங்களுக்கு. காசு வாங்குவது ஓரிருவர். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே சுற்றுச்சூழல் கேள்வியாகவே மாறிவிட்டது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா காந்தியப் பொருளாதாரத்துக்கு எழுத்து வடிவம் தந்தவர். கொடுக்காமல் எடுக்கும் பொருளாதாரத்தையும், எடுத்த இடத்திலேயே திரும்பச் சேர்க்கும் பொருளாதாரத்தையும் அவர் தனித்தனியே வகைப்படுத்தினார். நான்கைந்து ஆண்டு வளர்த்துவிட்டு, நோய் வந்ததும் குளத்தைக் கைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் இறால் பண்ணைக்கு அவருடைய முதல் வகை அப்படியே பொருந்தும். 1994–95இல் வெள்ளைப்புள்ளி நோய் தாக்கியபோது அதுதான் நடந்தது. கைவிட்ட குளத்தில் உப்பு மட்டும் மிஞ்சியது.

போராட்டம் எப்படி நடந்தது

1992 வாக்கில் தொடங்கிய எதிர்ப்பு, 1993 முதல் லாஃப்டியின் முழு ஆள்பலமும் இறங்கிய சத்தியாகிரகமாக வளர்ந்தது. முதலில் நடை: ஊர் ஊராகப் போய்க் கிணற்றையும் வயலையும் பார்ப்பது, கூட்டம் போட்டுப் பேசுவது. அடுத்து மனு, ஆட்சியர் அலுவலகம், உண்ணாவிரதம். அதன் பிறகுதான் மறியல். மண் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவர்களில் பெண்கள் அதிகம். கூலி இழந்தது அவர்கள்தான் என்பதால் அது இயல்பாக அமைந்தது.

எதிர்த்தரப்பின் பதில் அகிம்சையாக இல்லை. கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்கள் ஊர்க்காரர்களை அடித்ததையும், வீடுகள் எரிக்கப்பட்டதையும், லாஃப்டி ஊழியர்கள்மீது கொள்ளை, தீவைப்பு என்று பொய் வழக்குகள் போடப்பட்டதையும் ரைட் லைவ்லிஹுட் விருதுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. கீழவெண்மணியின் நினைவு ஆறாத வட்டாரம் அது. பதிலடி விழுந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பதிலடி விழாமல் இருந்ததற்கு அறக் காரணத்தோடு நடைமுறைக் காரணமும் உண்டு. தீவைப்பு வழக்கில் மாட்டிய ஒருவர் மீது குற்றம் மெய்யாகவே நிரூபிக்கப்பட்டால் அடுத்த நாள் முதல் விவாதம் உப்பைப் பற்றி இருக்காது, சட்டம் ஒழுங்கைப் பற்றித்தான் இருக்கும். நீதிமன்றத்தில் மனுதாரரின் நம்பகத்தன்மையும் அத்தோடு போய்விடும். பொய் வழக்கு பொய்யாகவே இருப்பது முக்கியம்.

இதே கடற்கரையில்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அன்று உப்பை எடுக்கும் உரிமைக்காக. இன்று உப்பை வெளியே நிறுத்தி வைக்கும் உரிமைக்காக. மேடைப் பேச்சுக்கு இந்த ஒப்புமை நன்றாக இருக்கும். ஆனால் அது ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்கிறது. 1930இல் எதிரி ஓர் அரசு. முகவரி, அதிகாரி, வெட்கப்பட வைக்கக்கூடிய மக்கள் எல்லாம் அதற்கு இருந்தன. இறால் பண்ணையின் பங்குதாரர் எங்கோ ஒரு பெருநகரத்தில் இருந்தார். இறாலைச் சாப்பிட்டவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். தாமே துன்பம் ஏற்று எதிராளியின் மனத்தைத் தொடுவது என்ற சத்தியாகிரகத்தின் மையக் கருவி இங்கே சேரும் இடம் தெரியாமல் நின்றது. அந்த இடத்தை நிரப்பியது அளவீடு.

நீதிமன்றம்

1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு (ரிட் மனு எண் 561/1994) 1991 பிப்ரவரி 19ஆம் தேதிக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் பிடித்துக்கொண்டது. கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எது நடக்கலாம், எது கூடாது என்று வரையறுத்த அறிவிக்கை அது. அறம், வாழ்வாதாரம் என்ற அகன்ற வாதங்களை மட்டும் நம்பாமல் நாடாவால் அளக்கக்கூடிய ஒரு விதியைப் பிடித்தது மனுவின் கெட்டிக்காரத்தனம்.

நீதிமன்றம் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை (நீரி) நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. இறால் விற்று வரும் வருமானத்தைவிடச் சூழலுக்கும் ஊர்ப் பொருளாதாரத்துக்கும் நேரும் இழப்பு அதிகம் என்று நீரி சொன்னது: ஆந்திரத்தில் சுமார் நான்கு மடங்கு, தமிழகத்தில் சுமார் ஒன்றரை மடங்கு. வழக்கின் முதுகெலும்பு இந்த அறிக்கைதான். 1995 மே 9 இடைக்கால ஆணை விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது, பண்ணைகள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது என்றது. ஊர்க்காரர்கள் நடையிலும் கூட்டத்திலும் சொல்லிவந்த மூன்று குறைகளும் அப்படியே ஆணையாயின.

நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது இறுதித் தீர்ப்பில் வைத்தவை: 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். மரபு முறையும் திருத்திய மரபு முறையும் மட்டும் விலக்கு. சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்கும் தடை. சேதத்துக்கு மாசுபடுத்தியவரே பணம் தர வேண்டும். அதற்கென ஓர் ஆணையம் அமைக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் கடக்கும் பகுதி தொழிலாளர் இழப்பீடு. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுச் சம்பளம் தர வேண்டும் என்றது நீதிமன்றம். பண்ணையில் வேலை பார்த்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம். அவர்களை எதிர்ப்பக்கம் நிறுத்திப் பேசும் எந்தச் சுற்றுச்சூழல் போராட்டமும் ஊரை இரண்டாகப் பிளந்துவிடும். எதிராளியின் கூலியாளுக்கும் சோறு கேட்பது அகிம்சைக்கு அலங்காரம் போலத் தோன்றலாம். களத்தில் அது போராட்டத்தைக் காக்கும் வேலி.

உடைந்த இடம்

அகற்றும் ஆணை, மறுசீராய்வு மனுக்களால் நிறுத்திவைக்கப்பட்டது. 1997இலேயே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மிக அதிகமாக உயிர்கள் போனது நாகை மாவட்டத்தில். அடுத்த ஆண்டே கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 2005 நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு 1991 அறிவிக்கை இறால் வளர்ப்பைத் தடுக்கவே இல்லை என்பதாக, பின்தேதியிட்டுத் திருத்தியது. தீர்ப்பு நின்ற தரையையே உருவிவிட்டார்கள். 500 மீட்டர் என்பது 200 மீட்டர் ஆனது, அதிலும் ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்குச் சலுகை. 2009 முதல் வனாமி என்ற வேறு வகை இறால் வந்ததும் தொழில் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

காரணத்தை வஞ்சகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. ஏற்றுமதி வருவாய், கடலோர மாநிலங்களின் அழுத்தம், சிறு குளம் வைத்திருந்த ஆயிரக்கணக்கான உள்ளூர் விவசாயிகளின் வாக்கு என எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தன. இந்தக் கடைசிக் கூட்டம் போராட்டத்தின் கணக்கில் சரியாக வரவில்லை என்பது எம் கருத்து. நிறுவனங்களை எதிர்த்த மொழி, இரண்டு ஏக்கரில் கடன் வாங்கிக் குளம் வெட்டியவரிடம் எடுபடவில்லை. அவருக்கு மாற்று வருமானம் காட்டியாக வேண்டியிருந்தது. காந்தி நிர்மாணத் திட்டம் என்று அழைத்தது இதைத்தான். நெல் கூலியாளுக்கு நிலம் கொடுப்பதில் லாஃப்டி அதைச் செய்துகாட்டியது. உவர்த்த நிலத்தை வைத்திருந்த சிறு உடைமையாளருக்கு அப்படியொரு திட்டம் பரவலாக எழவில்லை. மறியலும் மனுவும் ஒன்றைத் தடுத்து நிறுத்தும். நிறுத்திய இடத்தில் வேறு பிழைப்பு முளைக்கவில்லையென்றால் தடுத்தது திரும்பி வரும்.

வேறு ஊரில் செய்பவர்களுக்கு

இறால் பண்ணையோ, தோல் பதனிடும் ஆலையோ, கல்குவாரியோ, அளவீடு இல்லாத அகிம்சைப் போராட்டம் இன்று வெறும் வேண்டுகோளாக நின்றுவிடும். உப்புச் சிக்கலுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது.

குளத்தில் தண்ணீர் விடுவதற்கு முன்பே அடிநிலை அளவு எடுக்க வேண்டும். பின்னால் எடுத்த நூறு அளவுகளைவிட முன்னால் எடுத்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். குளக்கரையிலிருந்து சுமார் 50, 200, 500 மீட்டரில் உள்ள கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒரே தேதியில், சிறிது நேரம் இறைத்துவிட்டு மாதிரி எடுக்கலாம். கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டரை ஒவ்வொரு முறையும் 1,413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலில் சரிபார்த்து, அதையும் நோட்டில் எழுத வேண்டும். கோடை அளவை மழைக்கால அளவோடு ஒப்பிட்டால் வழக்கு அங்கேயே சரியும். மேயை அடுத்த மேயோடுதான் ஒப்பிட வேண்டும்.

மண்ணில் 0–15, 15–30 செ.மீ. என இரு ஆழம். அடிக்கடி நேரும் பிழை ஆய்வகத் தாளில் இருக்கிறது. நம் ஆய்வகங்கள் பலவும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து அளக்கின்றன. நெல்லுக்கான 3 என்ற வரம்பு செறிநீர்ச் சாற்றுக்கானது. நீர்த்த கரைசலில் எண் மிகக் குறைவாகவே வரும். உப்பேறிய வயல் தாளில் நல்ல வயலாகத் தெரியும், எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டும். எந்த முறையில் அளந்தது என்று தாளில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கெட்ட வயலில் ஜிப்சம் கொட்டுவது இன்னொரு பிழை. ஜிப்சம், சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு. வெறும் உவர் மண்ணுக்கு வேண்டியது நல்ல நீரும், அது வடிந்துபோக வடிகாலும். வடிகாலே பண்ணைக் கழிவுநீர் வாய்க்காலாக மாறியிருந்தால் எத்தனை மூட்டை போட்டாலும் பயனில்லை.

மாதிரி எடுக்கும் நாளைப் பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, வரச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் மூன்று பாட்டிலில் எடுத்து முத்திரையிட்டு ஒன்றை அவரிடமே கொடுங்கள். எதிராளியிடம் எதையும் மறைக்காமல் நடப்பது சத்தியாகிரகத்தின் பழைய விதி. ஆதாரச் சட்டத்தின் கண்ணிலும் இதைவிட வலுவான மாதிரி கிடையாது. அவர் வராவிட்டால், அழைத்த கடிதத்தின் ஒப்புகை அட்டை பேசும்.

மறியலுக்கு முன் செய்ய வேண்டியவை சலிப்பானவை. சர்வே எண் வாரியாக அடங்கல் நகல் எடுத்து நேற்றுவரை என்ன பயிர் இருந்தது என்று காட்டுவது. வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பைப் புல வரைபடத்தில் குறிப்பது. கிராம சபைத் தீர்மானத்தில் கையெழுத்துகளோடு நிறைவேற்றிய தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஜாமீன்தாரர் பட்டியலும் வழக்கறிஞரும் மறியலுக்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். கைதான கூலியாளின் வீட்டில் மூன்றாம் நாள் அடுப்பு எரியாவிட்டால் நான்காம் நாள் போராட்டத்தில் ஆள் இருக்காது. எனவே கைதாகும் குடும்பங்களுக்கான அரிசிக் கணக்கும் திட்டத்தில் சேரட்டும்.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் 2005 விதிகளில் ஊர் பிடித்துக்கொள்ளக்கூடிய அளவுகள் இருந்தன. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் விலகல். 500 பேருக்கு உட்பட்ட குடியிருப்பிலிருந்து 100 மீட்டர், அதைவிடப் பெரிய ஊரிலிருந்து 300 மீட்டர். பக்கத்து விளைநிலத்துக்கும் வாய்க்காலுக்கும் மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர். 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. பதிவு ஐந்து ஆண்டுக்கு மட்டும். விண்ணப்பம் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு வழியாகப் போகிறது. புதுப்பிக்கும் நேரம்தான் அளவீட்டு நோட்டை மேசைமேல் வைக்கும் நேரம். 2023 திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக்கியதோடு வேறு பல மாற்றங்களையும் செய்திருக்கிறது. மனு எழுதும் முன் நடப்பு விதியை ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பதிலையும் மனுவோடு இணையுங்கள்.